உஷ் சாருக்குக் கேட்ட சத்தம்

மனுஷனைச் சந்தேகப்படுகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. கொஞ்சம் முற்றிப்போனவர்கள் கடவுளையே சந்தேகப்படுவார்கள். ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். அம்பத்தூரில் ஏறி அரக்கோணம் வரைக்கும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கித் தேடினாலும் அப்படி இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். நிஜப் பேர் ஆதார் கார்டில் இருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் உஷ் சார்.

நான் வீட்டு ஓனர். குடித்தனக்காரரைச் சந்தேகப்படுவது என் பிறப்புரிமை. அவர் வீடு பார்க்க வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாடியே "தண்ணி எப்டிம்மா?" என்பார்கள். போரா, லாரியா, உப்பா, மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமா, இதெல்லாம் தெரியாமல் அட்வான்ஸைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். இந்த மனுஷன் நேரே மீட்டர் போர்டுக்கு முன்னால் போய் நின்று, "எர்த் எப்படிங்க?" என்றார். தண்ணீரைப் பற்றியே கேட்காதவர் குளிப்பாரா மாட்டாரா என்று எனக்கு அன்றைக்கே ஒரு கவலை வந்துவிட்டது.

நாற்பதை நெருங்குகிற வயசு. அப்பா அம்மா கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அதாவது, காலையிலிருந்து சாயந்திரம் வரை நட்டையும் போல்ட்டையும் சந்தேகப்பட்டு, இது ஆகாது, அது ஆகாது என்று தள்ளிவைத்து, அதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எங்களுக்குப் பிரச்சனையே இல்லை.

மாடிக்கு வந்ததும் அவர் கட்ட ஆரம்பித்தது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோக்களுக்குள் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்று சிவந்து எரியுமே, அதுதான் வால்வு. மூர் மார்க்கெட், ரிச்சி தெரு என்று அலைந்து பொறுக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொன்றையும் பென்சிலால் டொக் டொக்கென்று தட்டி, ஸ்பீக்கரில் காதை வைத்து, மூஞ்சியைச் சுளித்து, துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். சுவிட்சைப் போட்டால் ஜன்னல் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். அந்தப் பெட்டிக்குள் கை விடும்போது இன்னொரு கையை எப்போதும் பாக்கெட்டில் சொருகிக்கொள்வார். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போய்விடுமாம். நல்ல பழக்கம்தான். ஆனால் அது கூடவே ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் யாராவது வணக்கம் வைத்தால்கூட ஒரு கைதான் வெளியே வரும். திமிரு பிடித்த ஆள் என்று பேர் வாங்கினார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எர்த் சரியில்லை என்று முடிவு பண்ணி, என்னிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைப்பக்கம் குழி வெட்டினார் பாருங்கள். இடுப்பளவு குழி. அடியில் ஒரு செப்புத் தகடு. அதன்மேல் கரி, கரிமேல் உப்பு, உப்புமேல் கரி. அப்புறம் தினமும் சாயந்திரம் அதற்கு ஒரு குடம் தண்ணீர் வேறு. எல்லாம் எலக்ட்ரிக் வேலையில் உள்ள முறைதான், எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். பக்கத்து வீட்டு புஷ்பாவுக்கு யார் விளக்குவது? மதில் மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, மாடி ஊட்டுக்காரு தகடு பொதைக்கிறாரே, இன்னா கதை? யாரு குடியக் கெடுக்கவாம்?"

செய்வினை என்கிற வார்த்தை மத்தியானத்துக்குள் தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இத்தனையும் எதற்கு? பாட்டு கேட்கத்தானே? அதுதான் இல்லை. அவர் குடி வந்ததிலிருந்து மாடியில் ஒரு முழுப் பாட்டை நாங்கள் கேட்டதே கிடையாது. பாட்டு கேட்பதற்கு முன்னாடி பாட்டு இல்லாததைக் கேட்க வேண்டுமாம். வால்யூமை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, பாட்டே போடாமல் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்திருப்பார். எங்கேயோ அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கிறதாம். அவர் பாஷையில் அதற்கு ஹம் என்று பேர். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வாழ்க்கை என்று ஆகிவிட்டது.

முதல் சந்தேகம் என் ஃப்ரிட்ஜ்மேல். கீழே வந்து, தப்பா நினைச்சுக்காதீங்க ஓனரம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் அணைக்க முடியுமா என்பார். அணைத்தால் மாடிக்கு ஓடுவார். திரும்பி வந்து, இது இல்லை, மிக்ஸியோ என்பார். மிக்ஸி ஓடவே இல்லையே என்றால், ஓடாட்டியும் பிளக்குல இருக்குதே என்பார். அப்புறம் புஷ்பா வீட்டு எல்இடி பல்பு, எதிர்வீட்டு ஃபேன் ரெகுலேட்டர், தெருக்கோடி ட்ரான்ஸ்ஃபார்மர், ஆவடி லோக்கல் ரயில் வரை போய்விட்டார். வீடு வீடாகப் போய், விரலை உதட்டில் வைத்து, தலையைச் சாய்த்து, "உஷ்" என்று நிற்பார். பால் பொங்குகிற நேரத்தில் ஒரு ஆம்பளை வந்து அடுப்படி வாசலில் உஷ் என்று நின்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். தெருவில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் இஸ்திரிக்காரர். அவருடையது கரிப்பெட்டி.

பூந்தமல்லியில் மோட்டார் காயில் சுற்றுகிற பாய் ஒருவரிடம் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றச் சொல்லிக் கொடுத்தார். சுற்றி வந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நடுவுல ஒரு சுற்று மேல ஏறியிருக்கு என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி சுற்றி, மறுபடி பிரித்து. கடைசியில் பாய், சார், உங்களால எனக்கே என் கைமேல டவுட்டு வந்துடுச்சு, ஊர் மோட்டாரெல்லாம் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்துகினு கீறேன், வாணாம் சார், வுட்ருங்க என்று கும்பிடு போட்டுவிட்டாராம்.

சும்மா சொல்லக் கூடாது, எங்களையும் மேலே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொல்வார். "கேக்குதா?" எனக்கு ஒரு மண்ணும் கேட்காது. என் மகள் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டே பிறந்தவள், அவளுக்கு நான் சாப்பிடக் கூப்பிடுவதே கேட்காது. என் வீட்டுக்காரர் மட்டும், பாவம், மனுஷன் மனசு நோகக் கூடாதென்று, ஆமா சார், லேசாக் கேக்குது என்றார். உஷ் சார் விடுவாரா? எந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல என்றார். என் வீட்டுக்காரர் துணிந்து வலது பக்கம் என்றார். உஷ் சார் நட்டைத் தள்ளிவைக்கிற மாதிரி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

போகப் போக அவருக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் படிக்கட்டில் நின்று, யாருக்குமே கேக்கலைன்னா என் மண்டைக்குள்ளதான் கேக்குதோ என்னவோ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு வரன் வராமல் இல்லை. வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் ஜாதகம் பார்க்கிறார்களோ இல்லையோ, தெருவில் வந்து விசாரிக்காமல் இருக்க மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, டீக்கடையில் ஒரு வார்த்தை, இஸ்திரி வண்டியில் ஒரு வார்த்தை, பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர். அவ்வளவுதான், புஷ்பா தகடு புதைத்த கதையை ஆரம்பித்துவிடுவாள். வந்தவர்கள் எங்கள் வாசல் வரைக்கும் வராமலே திரும்பிப் போய்விடுவார்கள். எத்தனையோ போய்விட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் கீழே வந்தார். ஃப்ரிட்ஜுக்கு இல்லை. நெமிலிச்சேரியில் ஒரு வரன், பெண்ணுக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, போட்டோ பார்த்தேன், போனில் ஒரு தடவை பேசினேன், எனக்குப் பிடிச்சிருக்கு என்றார். சொல்லும்போது காது வரை சிவந்துவிட்டது. விசாரிக்க வருவாங்க, கூட்டிச் சொல்ல வேணாம் ஓனரம்மா, இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லுங்க, இதுவும் போச்சுன்னா நான் இனிமே பாக்குறதா இல்ல என்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அடுத்த வாரமே வந்தார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், கூடவே முகத்தில் மாஸ்க் போட்ட ஒரு பெண். வீடு வாடகைக்கு இருக்கா, எங்க அக்கா மகளுக்குப் பாக்குறோம் என்றார். பேசினார், பேசினார், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள்தான் என்று பிடித்துவிட்டேன். எஸ்டேட் ரோட்டுப் புழுதிக்கு மாஸ்க் போட்டதாக அந்தப் பெண் சொன்னாள். யாரிடம் கதை விடுகிறாள்?

நானும் தெரியாத மாதிரியே, மாடியில் ஒருத்தர் இருக்கார் என்று ஆரம்பித்தேன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஒண்ணாம் தேதி டாண்ணு வாடகை, மனுஷன் தங்கம் என்றேன். பெரியவர் மூஞ்சி மாறிவிட்டது. ஓனரம்மா வாயிலிருந்து குடித்தனக்காரரைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் யார்தான் நம்புவார்கள்? நானாயிருந்தாலும் நம்ப மாட்டேன்.

"இவ்ளோ நல்லவராயிருந்தா நீங்க ஏம்மா இவ்ளோ புகழுறீங்க?" என்றார். கொல்லைப்பக்கம் ஒரு கண்ணும் என்மேல் ஒரு கண்ணுமாகவே நின்றார். புஷ்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. நான் புகழப் புகழக் காரியம் கெட்டுக்கொண்டே போகிறது. வேறு வழி தெரியாமல், வாங்க, மாடியைப் பாத்துடுங்க என்று கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

உஷ் சார் லுங்கியில், காதில் பென்சில் சொருகி, பாக்கெட் இல்லாததால் ஒரு கை லுங்கி மடிப்பில், ஒரு கை பெட்டிக்குள். எல்லா வால்வும் எரிகிறது. எங்களைப் பார்த்தார். வீடு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, மனுஷன் முகம் செத்துப்போய்விட்டது.

"என்னைக் காலி பண்ணச் சொல்றீங்களா ஓனரம்மா?"

இப்போது என்மேலேயே சந்தேகம் வந்தாயிற்று. கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன், ஒன்றும் அவருக்கு ஏறவில்லை. பெரியவர் பக்கம் திரும்பி, இந்த வீட்டுக்கு வராதீங்க, நியூட்ரல் சரியில்ல, எர்த்தும் நான் போட்டதுதான், செப்புத் தகடு நானே புதைச்சேன் என்று தன் வாயாலேயே கொட்டிவிட்டார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இந்த வரனும் வாசலைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. வாசற்படியிலேயே நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"என்னமோ சத்தம் வருதுங்களே" என்றாள்.

உஷ் சார் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "என்ன சத்தம்?"

"முனகுற மாதிரி. எங்க வார்டுல மிஷினை மிஷின் பக்கத்துல வெச்சா இப்படித்தான் வரும்."

"எந்தப் பக்கம்?" பெட்டிக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்தார் அவர்.

அவள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்றாள். அவசரப்படாமல் கேட்டாள். "இடது பக்கம். வலது பக்கம் இல்ல."

உஷ் சாரின் இன்னொரு கையும் லுங்கி மடிப்பிலிருந்து வெளியே வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டார். கண் நிறைந்துவிட்டது. அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். அப்புறம்தான் அவருக்கு ஆள் தெரிந்தது. லுங்கியைப் பிடித்துக்கொண்டு சட்டை தேடி உள்ளே ஓடினார்.

பெரியவர் என்னை மட்டும் தனியாகக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். தாய்மாமனாம். விசாரிக்க வருகிறவர்கள் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, அதைக் கேட்டார்.

"மனசுல கை வெச்சுச் சொல்லுங்கமா. உங்க பொண்ணாயிருந்தா குடுப்பீங்களா?"

தங்கம் என்றேன், நம்பவில்லை. யோசித்துப் பார்த்தேன்.

"குடுக்க மாட்டேங்க" என்றேன். "என் பொண்ணுக்குக் காது பத்தாது. உங்க பொண்ணுக்குத்தான் இருக்கு."

அன்றைக்கு நான் சொன்னதில் பெரியவர் நம்பியது அந்த ஒன்றைத்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தண்ணி எப்டிமா இங்க? பொண்ணு கஷ்டப்படக் கூடாது பாருங்க" என்றார்.

கல்யாணம் திருநின்றவூர் பக்கம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை தரப்பில் ஆள் குறைவு என்று நானும் என் வீட்டுக்காரரும் பன்னீர் தெளிக்கிற இடத்தில் நின்றோம். புஷ்பாவும் பட்டுப்புடவையில் வந்து, எனக்கு அப்பவே தெரியும்கா, நல்ல மனுசன் என்றாள். பெண் வீட்டு அம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். யார் இவள், எதற்கு இவ்வளவு முன்னால் வந்து நிற்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம்.

"நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?" என்றாள்.

ஹவுஸ் ஓனர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா" என்றேன்.