இருவாசற் கணினியை எழுப்பிய படலம்

மவுஸேந்து செங்கையும் அதட்டல் மிகு பவளவாயும் உடையவள், விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு மாடியிலே பத்துக் கணினிகளுக்கும் நாற்பது மாணவியருக்கும் தனிப்பெருந் தலைவியாய் வீற்றிருப்பவள், எங்கள் செல்வநாயகி வாழி! இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுச் சித்திரையில் ஒரு புதன்கிழமை அவள் பொருத போரைச் சொல்லப் போகிறோம். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

பதினொரு மணிக்குத் தேர்வு அதிகாரி வருகிறார். பத்துக் கணினியும் ஓடினால்தான் இங்கே தேர்வு மையம்; ஒன்று படுத்தாலும் நாற்பது பெண்களும் கடலூருக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் எழுத வேண்டும், பாதிப் பேரை வீட்டில் அனுப்பவே மாட்டார்கள். அக்கணினிகளோ தமக்கென ஹார்ட் டிஸ்க் என்னும் வட்டு இல்லாதவை. மூலையில் உறுமிக்கொண்டிருந்த சர்வர் பெருந்தெய்வத்திடம் ஒயர் வழியே உயிர் வாங்கி எழுபவை. ஒன்பது எழுந்துவிட்டன. பத்தாவது மட்டும் எழவில்லை.

காரணம், அவள் கணவர் தேவநாதன். பீங்கான் ஆலையில் சூளை பார்ப்பவர். "எதுக்கும் ஒண்ணு ஸ்பேரா இருக்கணும்" என்பது அவர் ஆலையில் பழகிய வேதம். களிமண் தூசியால் ஒரு வாசல் கெட்டாலும் மறுவாசல் காக்கட்டும் என்று, முந்தின நாள், பிறவியிலேயே ஒயர் செருகும் நெட்வொர்க் வாசல் ஒன்று கொண்ட அக்கணினிக்கு இன்னொரு வாசலுள்ள கார்டையும் ஆசையாய்ப் பொருத்திவிட்டார். ஐயகோ! பழைய வாசலில் ஒயரைச் செருகினால் கணினி கண் விழிக்கும். விழித்ததும் புதுவாசலுக்கு ஓடி, 'என் விலாசம் என்ன?' என்று கூவி, பதிலின்றிப் பாதியில் நிற்கும். புதுவாசலில் செருகினாலோ கண்ணே விழிக்காது. கார்டைக் கழற்றலாம் என்றால் திருப்புளி ஆலையில் இருந்தது.

மணி பத்தே முக்கால். "என்னங்க, மேசைக்கு அடியில பூந்துக்குங்க! பாதி எழும்பறப்ப 'இப்ப'ன்னு சொல்லுவேன். சட்டுனு ஒயரப் புடுங்கி அந்த ஓட்டையில சொருவுங்க!" என்று போர்முரசு அறைந்தாள் தலைவி. சிலந்திவலைக் கோட்டை கிழித்து, தூசிப்படை சிதறடித்து, முழங்கால் தேரூர்ந்து பாதாளம் புகுந்தார் தேவநாதன். முதல் முறை அவசரப்பட்டார், திரை இருண்டது. இரண்டாம் முறை கரண்ட் ஒயரையே பிடுங்கிவிட்டார். "உங்களக் கட்டிக்கிட்டு நானு..." என்று தொடங்கியவள், அடியிலிருந்து தொடர்ந்து நான்கு தும்மல் கேட்கவும், பாவம் என்று நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் முறை! வெள்ளெழுத்துச் சேனை வரிவரியாய் இறங்கித் திரையின் அடிவாரத்தில் தயங்கி நின்ற அக்கணத்தில், "இப்ப!" என்று இடி முழங்க, ஒயர் வாசல் மாற, சர்வர் விலாசம் ஈய, பத்தாம் கணினி பேரொளி வீசி எழுந்தது. வெற்றிக் களிப்பில் தேவநாதனும் எழுந்தார். மேசை மண்டையில் நங்கென்று இடித்தது. அவர் மண்டையைத் தேய்த்துவிட்டபடியே, நாற்பது பெண்களும் தப்பித்தார்கள் என்று கண் கலங்கினாள் தலைவி.

அதிகாரி வந்தார், நாற்காலிகளை மட்டும் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.