தலைகுனிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து

மக்கள் கருத்தைத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்ட அதிகாரி யாராவது உண்டா என்று வரலாறு தேடி அலைந்தால், அது ராஜபாளையத்தில் பஸ் ஏறிச் சேத்தூரில் இறங்க வேண்டும்.

சேத்தூர் பக்கத்து அனல்மின் நிலையத்துக்கு மூன்றாவது யூனிட் வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடம் கேட்க, அரசு பெருந்தன்மையோடு பந்தல் போட்டிருந்தது. அடிக்கல் மட்டும் போன மாதமே நாட்டியாகிவிட்டது. மற்றபடி எல்லாம் மக்கள் விருப்பம்தான்.

முன்வரிசையில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தாள் சீனியம்மாள். பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடும் களம் அவளுடையது. பதினெட்டுப் பெண்களுக்கு அங்கேதான் பிழைப்பு. நிலையம் வந்ததிலிருந்து, காலையில் வெள்ளையாக விரித்த துணி சாயங்காலம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மதுரைக்குப் போன மூன்று லோடும், புண்ணுக்கு ஆகாது என்று திரும்பி வந்துவிட்டன. இன்னொரு யூனிட் வந்தால் களத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

"எங்க கருவி என்ன சொல்லுதுன்னா, தூசி பூஜ்யம்!" என்று முழங்கினார் கம்பெனி இன்ஜினீயர் ஸ்டெபின்.

"அந்தக் கருவிய எங்க சார் வச்சிருந்திய?" என்று எழுந்தாள் சீனியம்மாள்.

"ரூமுக்குள்ள, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமா வச்சிருக்கோம். வெளிய வச்சா தூசி அடைஞ்சு கெட்டுப் போயிரும்லம்மா?"

இப்படியொரு பொறுப்புணர்ச்சிக்குப் பந்தலே கைதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

"ஏட்டி சீனி, ஒங் கருவிய எடு" என்றாள் அவளோடு களத்தில் வேலை செய்யும் சம்சாத் பேகம்.

சீனியம்மாள் மேடையேறினாள். பையிலிருந்த துணியை எடுத்து, தலைமை வகித்த அதிகாரியின் முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "ஒரே ஒரு நாள் காஞ்ச துணி சார். எம்புட்டுக் கரின்னு..."

முடிக்க விடவில்லை அவர். இருபத்திரண்டு வருட 'மக்கள் சேவை'யில் விரித்த துணி எதைக் கண்டாலும் அவர் கழுத்து தானாக வளையும். வளைந்தது. குனிந்த தலையை என்ன செய்வது? போர்த்திவிட்டாள். கேமராக்கள் மின்னின. கம்பெனிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செத்த நேரத்தில் அதிகாரி தும்மினார். தும்மல் ஒன்பதைத் தாண்டியதும் 'பொன்னாடை'யைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக் காலரில் கறுப்பாக ஒரு வளையம்.

"என்னம்மா இது, கரி?"

"அதத்தான் சார் நானும் கேக்க வந்தேன்."

கூட்டம் அத்துடன் இனிதே நிறைவுற்றது.

பதினைந்தாம் நாள் நடவடிக்கைக் குறிப்பு வந்தது. களத்தில் வைத்து சம்சாத் பேகம் உரக்கப் படித்தாள்.

"ஒண்ணு. பொதுமக்கள் பொன்னாடை போர்த்தி விரிவாக்கத்தை வரவேற்றனர்."

"அடப் பாவியளா! மேல படி."

"ரெண்டு. இப்பகுதியில் சாம்பல் தூசி அறவே இல்லை. மூணு. தூசியினால் அதிகாரிகளின் உடல்நலம் பாதிக்கப்படுவதைக் கருத்தில் கொண்டு, அடுத்த கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஏசி மண்டபத்தில் நடைபெறும்."

சீனியம்மாள் துணி உதறுவதை நிறுத்தினாள்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் ஒரே கையெழுத்தா?"

"ஒரே கையெழுத்துதான். சீலும் குத்தியிருக்கு."

"அப்ப பத்து ஜெராக்ஸ் எடுட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்லதான கோர்ட்டும் இருக்கு."