ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாத பாய்

காலை எட்டேகால். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த பிளாஸ்டிக் வாளி கம்பெனியில் முதலில் கண்ணில் பட்டது, ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த மனிதர். அவர் முழுக்க நனைந்திருந்தார். கம்ப்யூட்டர் நனையவில்லை.

அவர்தான் பேக்கப் பாய். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருபவர். இவ்வுலகில் எதுவும் அழியக் கூடாது என்று நம்பிய ஒரே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று வீட்டுச் சாவி இரண்டு வைத்திருப்பார். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்திருப்பார்.

அவர் குடை பிடித்த பழைய மெஷினில்தான் கம்பெனியின் பேக்கப் டிரைவ் இருந்தது. கல்யாண போட்டோ, சினிமாப் பாட்டு, குழந்தையின் பிறந்தநாள் வீடியோ எல்லாவற்றையும் ஆபீஸே அதில்தான் கொட்டி வைத்தது. மேனேஜர் சத்தம் போட்டால் அவரவர் சரக்கை அவரவர் அழிப்போம். ஆனாலும் டிரைவில் காலி இடம் கூடியதே இல்லை. அந்த மர்மம் ஒரு சனிக்கிழமை விலகியது.

வாளி வார்க்கும் மோல்டுகளின் வரைபடங்கள் இருந்த பெரிய கம்ப்யூட்டரின் டிஸ்க் அன்று பல்லிபோல் சத்தமிடத் தொடங்கியது. அது நிற்பதற்குள் படங்களை பேக்கப் டிரைவுக்கு மாற்றியாக வேண்டும். படம் போனால் தேய்ந்த மோல்டுக்கு மாற்று செய்ய வழியில்லை. சிடி எழுதும் மெஷினோ ரிப்பேர். பொன்னேரிக்காரரான மேனேஜர் டிரைவைக் குடைந்து பார்த்தார். அழித்ததெல்லாம் போய் விழும் குப்பைத்தொட்டியான ரீசைக்கிள் பின்னின் அளவை பாய் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்.

"இன்னா பாய் இது? நாலு வருசமா அழிச்சதெல்லாம் இங்கியே கீது?"

"தூக்கிப் போட்டவங்க திரும்பக் கேட்டா குடுக்கணும்ல சார்."

கேட்டவர்கள் உண்டு. மனைவியோடு சண்டை போட்டுக் கல்யாண போட்டோக்களை அழித்த அக்கவுண்டன்ட், சமாதானமானதும் பாயிடம்தான் வந்து நின்றார். மூன்று சண்டைக்கும் அப்படியே.

மொத்தமாகக் காலி செய்ய பாய் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரரை அழைத்துக் காட்டி, தலையாட்டிய பிறகே அழித்தார். எழவு வீட்டுக்கு வருவதுபோல ஆபீஸ் வரிசையில் நின்றது. லேத் ஆபரேட்டர் தன் குத்துப்பாட்டைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டுப் போனார். பல்லிச் சத்தம் வேகமெடுத்தது. இடம் கிடைக்கக் கிடைக்கப் படங்கள் ஏறின.

மிஞ்சியது ஒரு வீடியோ. போன வருஷம் மாரடைப்பில் இறந்துபோன ஃபோர்மேன் தேவராஜ் அண்ணன், ஆயுத பூஜையன்று தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடியது. வெட்கப்பட்டு அவரே அழித்தது.

"இத்த எடுத்தாத்தான் கடைசிப் படம் ஏறும். எடுங்க பாய்."

"இது அவரு சரக்கு சார்."

"அவரு எங்க வந்து கேக்கப் போறாரு?"

"அவரு பொண்ணு கேக்கும் சார்."

பாய் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேனேஜர் சொல்லியும் செய்யாவிட்டால் சீட்டு கிழியும் என்று தெரிந்தவர்தான். ஆனாலும் கை மடியிலேயே இருந்தது.

மேனேஜர் மவுஸைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பல்லிச் சத்தம் நின்றுபோனது.

பத்து லிட்டர் வாளி மூடியின் படம் தவிர எல்லாப் படங்களும் தப்பியிருந்தன. மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வீடியோவைப் போடச் சொன்னார். பாய் அதைத் தொட்டியிலிருந்து மீட்டுப் போட்டார். தேவராஜ் அண்ணன் ஆடி முடித்தார்.

இரண்டாவது முறை போடச் சொன்னவரும் மேனேஜர்தான்.