முந்நூற்றுப் பன்னிரண்டு இழுவைகள்

கணேசலிங்கத்தின் கையிலிருந்த வேப்பின், அந்த மின்சிகரெட்டின், சின்னத் திரை 164 என்று காட்டியது. காலையிலிருந்து அத்தனை இழுவை. சிகரெட்டை விடத்தான் அதை வாங்கினார். ஆனால் மனைவி சிவமலர் இருந்த காலத்தில், சிகரெட்டில்கூட அவர் இவ்வளவு புகை குடித்ததில்லை. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

அவள் போய்ப் பதினோரு மாதம். முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்குள் புகையை விட்டுவிடுவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவளுக்குச் சொல்லியிருந்தார். திவசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகர வேப் கடையில் தீப்தி நின்றாள். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்தவள், பகுதிநேர வேலை.

"பிள்ளை, இது பழுது. நிப்பாட்டவே ஏலாமல் கிடக்கு."

அவள் கழற்றிக் காட்டினாள். "உள்ள பஞ்சு இருக்கு, அங்கிள். அது லிக்விடை உறிஞ்சும். இந்தக் கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். எல்லாம் சரியாத்தான் இருக்கு. நிகோடினைக் குறைப்போமா? பன்னிரண்டு மில்லிகிராமுக்குப் பதிலா ஆறு."

குறைத்தார்கள். உடம்பு ஏமாறுமா? பலத்தில் குறைந்ததை எண்ணிக்கையில் வாங்கிக்கொண்டது. மறுநாள் 312.

"அப்ப ஏத்துங்கோ."

பதினெட்டாக ஏற்றினார்கள். எண்ணிக்கை 240க்கு இறங்கியது. ஆனால் தலை சுற்றி, பால்கனியில் மிளகாய்த் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி அரைமணி நேரம் இருந்தார்.

தீப்தி யோசித்தாள். "சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கு, அங்கிள். ஃபில்டர் வந்தா நின்னுடும். இதுக்கு டேங்க் தீர்ற வரைக்கும் முடிவே இல்ல."

"முடிவு ஒண்டை எங்கை போய் வாங்கிறது, பிள்ளை?"

"போன்ல ஏழு நிமிஷத்துக்கு அலாரம் வைங்க."

பால்கனியில் நின்று இழுக்கும்போது அலாரம் அடித்தது. அதை அணைக்கத் தோன்றியதே தவிர, உள்ளே போகத் தோன்றவில்லை. அணைத்த எரிச்சலில் இன்னும் நாலு இழுத்தார். அந்த மாம்பழ வாசனைப் புகை மெல்ல நகர்ந்து, பக்கத்து வீட்டுப் பால்கனியில் ஃபிராவ் லேமான் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பில் போய் இறங்கியது. எண்பது வயதுப் பெண்மணி. பொறுத்துப் பார்த்துவிட்டு, நடுத்தடுப்பில் ஊன்றுகோலால் தட்டினார்.

டக். டக்.

"ஓம், ஓம், வாறனப்பா."

கணேசலிங்கம் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, வேப்பை மேசையில் வைத்து, கையும் கழுவினார். துவாயை எடுக்கும்போதுதான், வீட்டில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று அதற்குப் பிறகு அவர் வேப்பைத் தொடவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்க ஃபிராவ் லேமானின் கதவடிக்குப் போனார். தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார்: பஞ்சு, கம்பி, பன்னிரண்டு, ஆறு, பதினெட்டு, அலாரம். "சிகரெட்டுக்கு முடிவு இருக்கிறது, இதற்கு இல்லை. அதுதான் பிரச்சினையாம். ஆனால் நேற்று மட்டும் எப்படி நின்றது என்று தெரியவில்லை."

அந்த அம்மா ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

"பதினாறு வருடமாகத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். சிகரெட் முடிந்ததால் நீங்கள் ஒருநாளும் உள்ளே போனதில்லை. உங்கள் மனைவி பால்கனிக் கதவின் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டியதால் போனீர்கள். இனி நான் தட்டுகிறேன்."