மல்லாந்து நீந்திய கடல்நாய்

இல்லாத கடல்நாய் ஒன்றை வெள்ளிக்கிழமை காலைக்குள் பாறைமேல் கிடத்தியாக வேண்டும் என்ற நிலைமைக்குப் பிராண்டுர் வந்து சேர்ந்ததற்கு, அவன் எழுதிய ஒரே ஒரு மின்னஞ்சல்தான் காரணம்.

செல்விக் என்னும் வடகோடிக் கடலோர ஊரின் கடல்நாய் அருங்காட்சியகத்தில் மூன்று ஆண்டுகளாக அவனே காவலாளி, அவனே துப்புரவாளன், அவனே விளக்கவுரையாளன். சீட்டுக் கிழிப்பது மட்டும் சல்வோரின் பொறுப்பு. எழுபத்தோரு வயதிலும் அதை அந்த அம்மையார் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆண்டுதோறும் ஜூலையில் கரையிலுள்ள கடல்நாய்களை ஊரே கூடி எண்ணும். அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்கத் தலைநகரிலிருந்து ஆய்வாளர் அர்ன்தீஸ் வருவாள். இரண்டு நாள் தங்குவாள். கூடத்துக் கரும்பலகையில் இறுதித் தொகையை எழுதிவிட்டுப் போய்விடுவாள். எஞ்சிய முந்நூற்று அறுபத்துமூன்று நாளும் பிராண்டுர் அந்தச் சுண்ணக்கட்டி எழுத்து அழியாதவாறு, பலகையின் ஓரங்களை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பான்.

இந்த ஆண்டு அவளுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. இனிமேல் வானிலிருந்து படமெடுத்து எண்ணுவார்களாம். ஆள் வரத் தேவையில்லையாம். அதை அவன் ஆறு முறை படித்தான். பிறகு உட்கார்ந்து, துறைமுகத்துக்கு எதிர்ப்பாறையில் பலூன்மூக்குக் கடல்நாய் ஒன்று வந்து கிடப்பதாக அர்ன்தீஸுக்கு எழுதினான். கிரீன்லாந்துப் பனியில் வாழும், ஆண் மட்டும் மூக்கைச் சிவப்புப் பலூனாக ஊதிக்காட்டும் அந்த இனம் செல்விக் பக்கம் எட்டிப்பார்ப்பது அபூர்வம்.

ஆணா, மூக்கை ஊதுகிறதா என்று மறுமொழி வந்தது.

‘ஊதுகிறது. செக்கச்செவேலென்று’ என்று எழுதினான்.

வியாழக்கிழமை அவள் பேருந்திலிருந்து இறங்கினாள்.

"எங்க அது?"

"இரை தேடப் போயிருக்கு."

மதியமும் பாறை வெறுமையாகவே இருந்தது.

"இன்னுமா தேடுது?"

"கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியன்."

மாலை ஐந்து மணிக்கு அவள் தொலைநோக்கியை மடக்கி உறையில் இட்டாள். "காலைல பதினொரு மணி பஸ்ஸுல கெளம்பிடறேன், பிராண்டுர். ஆபீஸ்ல வேலை மலையா கெடக்கு."

"அதுக்குள்ள வந்துடும்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"எனக்கு அதோட பழக்கவழக்கம் தெரியும்."

‘போகாதீங்க’ என்னும் ஒரு சொல்லை மூன்று ஆண்டுகளாகத் தொண்டையிலேயே வைத்திருந்தவன், அதைச் சொல்ல அஞ்சி, அதற்கு ஈடாக இரண்டரை மீட்டர் நீளமுள்ள விலங்கைச் சொல்லிவிட்டான்.

செல்விக்கில் பலூன்மூக்குக் கடல்நாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், பீடத்தின்மேல், வயிறு நிறைய வைக்கோலோடு கிடந்தது.

ஜூலை மாதத்தில் இரவிலும் வெளிச்சம் மறையாத அந்த ஊரில் இருட்டை நம்பி எதையும் செய்ய இயலாது. ஆனால், காலை ஏழு மணிக்கு ஊரில் பாதிப் பேர் வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமர்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வேளையில் பிராண்டுர் கடல்நாயைக் கம்பளியால் போர்த்தித் தள்ளுவண்டியில் ஏற்றினான். துறைமுகத் திருப்பத்தில் ஆட்டுப்பண்ணைக்காரன் ஹியால்ட்டி எதிர்ப்பட்டான்.

"என்னப்பா அது?"

"சோபா."

"மீசை வச்ச சோபாவா?"

பிராண்டுர் வண்டியை வேகமாகத் தள்ளினான். ஹியால்ட்டி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒருவரை ஒரே நாளில் இரண்டு கேள்விக்கு மேல் கேட்பது அவ்வூர் வழக்கமன்று.

படகில் கொண்டுபோய்ப் பாறைமேல் கிடத்திவிட்டு அவன் திரும்பியபோது, சல்வோர் வெற்றுப் பீடத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். பீடத்தின்மேல் அவன் விட்டுச்சென்ற அட்டையில், ‘உடல்நலக் குறைவால் வெளியே அனுப்பப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தது.

"செத்துப் பாடம் பண்ணினதுக்கு உடம்புக்கு என்னடா?"

அவன் அட்டையைத் திருப்பி, ‘சுத்தம் செய்யப்படுகிறது’ என்று எழுதி வைத்தான்.

ஒன்பது மணிக்கு அர்ன்தீஸ் காப்பி குடிக்க வந்தாள். பீடத்தைப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள். காப்பியை மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"வந்துடுச்சு!" என்றான் பிராண்டுர். "பாறைமேல படுத்திருக்கு!"

கரையில் நின்று அவள் தொலைநோக்கியை நெடுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் அவள் காதோரத்து நரைமுடி ஒன்று பறந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு அது இல்லை. அந்த நரை வந்த நாளில் தான் இங்கே பலகையைத் துடைத்துக்கொண்டிருந்திருப்போம் என்று எண்ணிக்கொண்டான்.

"அசையவே மாட்டேங்குதே."

"அசதி. ராத்திரியெல்லாம் நீந்தியிருக்கும்."

"தலைமேல கடற்புறா உக்காந்திருக்கு."

"சாது."

"கண்ணைக் கொத்துது, பிராண்டுர்."

"ரொம்பச் சாது."

அவள் உதடு ஒருமுறை துடித்தது. குளிர்காற்று போலும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் குறிப்பேட்டில் எழுதினாள்.

கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நீர்மட்டம் ஏறும் நேரத்தை மறந்தது மன்னிக்கத்தக்கதன்று. பத்தரை மணிக்குத் தண்ணீர் பாறையைத் தொட்டது. பத்தே முக்காலுக்குக் கடல்நாய் லேசாக மேலெழுந்தது, சுழன்றது, வயிற்றை வானத்துக்குக் காட்டியபடி மிதக்கத் தொடங்கியது.

"நீந்துது!" என்றான் பிராண்டுர்.

"மல்லாந்தா?"

"வயசானது இல்லையா... முதுகு வலி இருக்கும்."

"வாலு முன்னாடி போகுது."

மேட்டுச் சாலையில் பேருந்து வந்து நின்று ஒலியெழுப்பியது. எல்லாம் முடிந்தது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குறிப்பேட்டை மூடினாள்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கடல்நாயை நான் பார்த்ததே இல்ல. இதுக்கு ரெண்டு நாள் பத்தாது. ஆகஸ்ட் முடியற வரைக்கும் தங்கிப் பக்கத்துலேயே இருந்து கவனிக்கணும். அந்தப் பஸ்ஸைப் போகச் சொல்லிடுங்க."

விடுதியில் அறை கேட்க அவள் மேடேறிச் சென்றாள். பேருந்தும் போயிற்று. பிராண்டுர் படகை எடுத்துக்கொண்டு கடல்நாயைத் துரத்தினான். மூக்கைப் பிடித்து இழுத்து, நனைந்து கனத்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கூடத்து நடுவில் கொண்டுவந்து கவிழ்த்தான். அடிவயிற்றுத் தையல் பிரிந்து, ஈர வைக்கோல் தரையெங்கும் சிதறியது.

"ஊசி நூல் குடுங்க, சல்வோர்! சீக்கிரம்!"

"எதுக்குடா இப்படிப் பறக்கறே?"

"ஆகஸ்ட் வரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டாங்க! இது பொய்னு தெரிஞ்சா நாளைக்கே போயிடுவாங்க. அப்புறம் எந்த ஜூலைலயும் வரமாட்டாங்க. அவங்க கண்ணுல படறதுக்குள்ள தைச்சாகணும்!"

சல்வோர் குனிந்து, பிரிந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னை ஏன்டா கேக்கறே, அர்ன்தீஸ்கிட்டயே கேளு. நீ இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் இதுக்குள்ள வைக்கோலை அடைச்சு, இந்தத் தையலைப் போட்டது அவங்கதான்."