செபமாலை மிசியும் எங்கள் பாதிச் செபமும்

சைக்கிள் ஓடிக்கொண்டே கடவுளோடு அதிக நேரம் கதைத்தவர் யார் என்று உலகப் போட்டி ஒன்று வைத்தால், முதற்பரிசு முள்ளியவளைக்குத்தான் வரும். இரண்டாம் பரிசுக்கு ஆளே இருக்காது.

அரசாங்கப் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் செபமாலை மிசி. தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் எங்கள் பக்கத்தில் மிசி என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதுகளின் கடைசியில் நான் வடமராட்சியிலிருந்து சைவப் பள்ளிக்கூட வாத்தியாராக முள்ளியவளைக்கு வந்தபோது, சுற்றியிருந்த எட்டு ஊர்களுக்கும் அவர் ஒருவர்தான் அரசாங்க மருத்துவிச்சி. நாயாற்றில் மீன் பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஐம்பதைத் தொடும் வயது, கட்டையான உருவம், வெள்ளைச் சேலை. சைக்கிளின் பின்னால் கறுப்புப் பை, முன்னால் ஹான்டிலில் சுற்றிய செபமாலை. இடது கைப் பெருவிரல் மணிகளை உருட்டும். வலது கை குடை பிடிக்கும். சைக்கிளை யார் ஓட்டினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பெல் அடிக்கக் கை மிச்சமில்லாததால் அதையும் செபமே பார்த்துக்கொண்டது. வழியில் மாடு படுத்திருந்தால் 'மரியாயே' என்ற இடத்தில் குரலை உயர்த்துவார். மாடு எழும்பி மரியாதையாக ஒதுங்கும். நான் பெல்லைத் தேயத் தேய அடித்தாலும் அசை போட்டுக்கொண்டு கிடக்கிற அதே மாடு.

செபமாலையில் பத்து மணி உருட்டி முடிந்ததும் பிதாவுக்கும் சுதனுக்கும் தோத்திரம் சொல்லித் தலை வணங்க வேண்டும். வணங்குகிற நேரம் கண்ணும் மூடிவிடும். ஒருநாள் அவர் வணங்கின இடத்தில் ரோட்டு திரும்பியது, மிசி திரும்பவில்லை. நேரே வாய்க்காலுக்குள் போனார். பின்னால் வந்த நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்றபடி கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னார். தோத்திரத்தை ஆமென் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, "வாத்தியார், முதல்ல பையைத் தூக்குங்கோ, பிறகு சைக்கிள். நான் கடைசி" என்றார்.

இந்தக் கதை முல்லைத்தீவு மாதா கோயில் பாதிரியாரான சுவாமியின் காதுக்கும் போனது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மிசியை மறித்தார். மிசி அவருக்கும் கையைத்தான் காட்டினார். மிச்சமிருந்த நாலு மணியையும் சுவாமி வெயிலில் நின்று கூடச் சொல்லி முடித்த பிறகுதான் பேச்சுத் தொடங்கியது.

"பிள்ளை, பின்னேரச் செபத்துக்கு உன்னைக் கோயில்ல காணேல்லை. ஒரு மாசமாச்சு."

"சுவாமி, மணி அடிச்சால் சனம் உங்களிட்ட வரும். வலி வந்தால் நானெல்லோ சனத்திட்டப் போகோணும். முழங்கால்ல நிக்க எனக்கு எங்கை நேரம்? சைக்கிள்ல இருந்தால் முழங்கால் மடங்கித்தானே கிடக்குது."

சுவாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "சரி. தலையை வணங்கு, கண்ணை மூடாதை. மாதா ஒண்டும் நினைக்கமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிசியைக் கூப்பிட வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அவர் செபத்தின் முதற்பாதியைச் சொன்னால், பக்கத்தில் வருகிறவர் 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று தொடங்கும் மறுபாதியைச் சொல்ல வேண்டும். வீடு போய்ச் சேரும் வரைக்கும், பிறகு பிள்ளை பிறக்கும் வரைக்கும். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. இதனால் எங்கள் ஊர்ச் சைவ ஆண்களில் பிள்ளைகுட்டிக்காரர் எல்லோருக்கும் மறுபாதி தண்ணீர்பட்ட பாடு. ஒரு மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கத் தேவையில்லை, மறுபாதியைச் சொல்லச் சொன்னால் போதும். என் பக்கத்து வளவுக் கந்தப்பு அண்ணைக்கு ஏழு பிள்ளைகள். நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு அவர் மறுபாதி சொல்லும் அழகுக்கு, நாயாற்றுச் சனமே வந்து கேட்டுப் பழக வேண்டும்.

முதற்பாதியை மட்டும் மிசி வேகமாக உருட்டிவிடுவார், ஒருவருக்கும் பிடிபடாது. சொல்லிக்கொடுக்கவும் மாட்டார். "அது என்ர பங்கு" என்பார்.

புதிதாகக் கலியாணம் கட்டிய சைவ வாத்தியாரான எனக்கு இது உறுத்தியது. ஒருநாள் நேரேயே கேட்டேன். "மிசி, எங்கட சனத்தை வேதத்துக்கு இழுக்கிறியளோ?"

அவர் கோபிக்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கினார். அதுவே பெரிய விஷயம்.

"வாத்தியார், பிள்ளை சுகமாப் பிறக்கட்டும். பிறகு அது எந்தக் கோயிலுக்குப் போகுதோ போகட்டும். ரோட்டில நான் தனியச் சொல்லுறது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கதை. ஆனா ஒரு வீட்டு வாசல்ல கால் வைக்கேக்க ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம் வரும். இருபது வருசமா வருது. அப்ப இன்னொரு குரலும் கேட்டால் பயம் விட்டுப்போம். அவ்வளவுதான்."

அவர் திரும்ப ஏறும்வரை நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் மறுபாதியைப் பாடமாக்கவில்லை.

அடுத்த மாரியில் என் மனைவிக்கு வலி கண்டது. காலை ஏழு மணி; ஊரெல்லாம் வெள்ளம். தேடிப்போய் மிசியைப் பிடித்தேன். அவர் ஏறி மிதித்தார், செபத்தைத் தொடங்கினார், மறுபாதிக்கு என்னைப் பார்த்தார். நான் ஏதோ முணுமுணுத்தேன்.

"வாத்தியார், நீங்கள் வாய்க்குள்ள சொல்லுறது எனக்கும் கேக்கேல்லை, மாதாவுக்கும் கேக்கேல்லை. நான் ஒருக்காச் சொல்லித் தாறன், பிடியுங்கோ."

மழையில் சேறு தெறிக்க அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் பாஸ்.

மிசி உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து அவர் குரல் ஒரே சீராக வந்தது. கந்தப்பு அண்ணையும் வந்துவிட்டார். விறாந்தையில் நின்று அவர் முதலில் சொல்ல, நான் அவருக்குப் பின்னால் தடக்கித் தடக்கி மறுபாதி சொன்னேன். என் மனைவியின் குரலையும் மழையையும் தாண்டி மிசியின் குரல் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குப் பயம் வரவில்லை.

திடீரென்று அது நின்றது.

சொல்லின் நடுவில் நின்றது. பிள்ளை அழும் சத்தமும் இல்லை. நான் கந்தப்பு அண்ணையைப் பார்த்தேன். ஏழு பிள்ளைகளுக்கும் அந்தக் குரலைக் கேட்டவர் அவர்.

"அவா ஒருநாளும் இடையில நிப்பாட்டினதில்லைத் தம்பி," என்றார் மெதுவாக.

கதவடி வரைக்கும் போய்த் திரும்பினேன். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வாயில் இருந்தது மறுபாதி மட்டும்தான். அதைச் சொன்னேன், சத்தமாக. கந்தப்பு அண்ணையும் சேர்ந்துகொண்டார். முடிந்ததும் முதற்பாதிக்கு ஆளில்லாததால் மறுபாதியையே மறுபடியும் சொன்னோம். அதற்கு மேலே மறுபடியும். ஒற்றைச் சில்லு வண்டில் மாதிரி அந்தச் செபம் எங்கள் விறாந்தையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மற்றச் சொற்களெல்லாம் எனக்குக் குழம்பிப்போயின. எங்களுக்காக 'இப்பொழுதும்' வேண்டிக்கொள்ளும் என்று வருகிற அந்த ஒரு சொல் மட்டும் குழம்பவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் கத்தினேன் என்று கந்தப்பு அண்ணை பிறகு சொன்னார்.

எத்தனை தரம் சொன்னோமோ தெரியாது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு வீட்டையே தூக்கும் அழுகை.

கொஞ்ச நேரத்தில் மிசி வெளியே வந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது. "பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம். கொடி கழுத்தைச் சுத்திக் கிடந்தது. மூச்சு வரேல்லை, அதால என்ர மூச்சை ஊதினனான். வாய் அங்கை இருந்ததால செபம் சொல்ல ஏலாமப் போச்சு." அதற்காக மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார். "நீங்கள் சொன்னது உள்ளுக்குக் கேட்டது."

"எங்களுக்குப் பாதிதான் தெரியும், மிசி."

"அது காணும், போதும்," என்றார்.

விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டார். நான் குசினிக்குள் போய் ஊற்றிக்கொண்டு வருவதற்குள், வாய் லேசாகத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். எட்டு ஊரில் ஒருவரும் அவர் நித்திரை கொண்டு கண்டதில்லை. மழை விட்டிருந்தது, வேலியில் காகங்கள் வந்து கரையத் தொடங்கின. பிள்ளையின் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்க்காத நான், கையில் தடியோடு முற்றத்துச் சேற்றில் நின்று, மத்தியானம் வரைக்கும் காகம் கலைத்தேன்.