செங்கமலம் வைத்த எட்டாவது புள்ளி

"பொங்கலுக்குள்ள இந்த வண்டியிலேருந்து ஒரு சொட்டு எண்ணெய் கீழ விழாம பண்ணிக் காட்டலேன்னா நான் வைரக்கண்ணு இல்ல" என்று மார்கழி மாதம் ஒரு விடியற்காலையில் வாசலில் நின்று சபதம் போட்டார் வைரக்கண்ணு. கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி பிரகதாம்பாளும், சாணி உருண்டையில் செருகியிருந்த பூசணிப்பூவும்தான். பூ ஒன்றும் சொல்லவில்லை.

"அப்புறம் உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிடறது?" என்றாள் பிரகதாம்பாள்.

வண்டி அறுபத்தேழாம் வருஷத்து மாடல் கார். சிவப்புக் கலர். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வைத்திருந்ததை வாங்கி, மன்னார்குடிப் பெருமாள் கோயில் தாயார் பெயரையே சூட்டி, செங்கமலம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழாம் வருஷம் பிறந்துவிட்டது. மன்னார்குடித் தெருவில் நாலு வண்டிக்கு மூணு வண்டி மாருதி. சிங்கப்பூரில் இருக்கும் மகன் சூர்யபிரகாஷ் போன் போடும்போதெல்லாம், "அதத் தள்ளிவிட்டுட்டுப் புதுசு வாங்குங்கப்பா" என்பான். அன்றைக்கு வைரக்கண்ணுக்குச் சோறு இறங்காது. ஸ்டியரிங்கை அவரைத் தவிர ஒரு ஆள் தொட்டதில்லை. பெண்டாட்டிக்குப் பின் சீட்டுதான், அதுவும் காலைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

செங்கமலத்துக்கு ஒரே ஒரு குறை. கியர் பாக்ஸ் ஒழுகியது. கொல்லைக்குப் போகிற சந்து ஒடுக்கமானதால் ராத்திரி வாசலில்தான் நிற்பாள். விடிந்ததும் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, அதே இடத்தில் பிரகதாம்பாள் கோலம் போட வேண்டும்.

"ஏழு புள்ளி ஏழு வரிசைன்னு நான் வச்சேன். எட்டாவது புள்ளி உங்க செங்கமலம் வச்சிருக்கா. எண்ணெய் ஊறுன மண்ணுல மாவு ஒட்டுதா பாருங்க."

"அதையும் சேத்து இழுத்துடேன்."

"இருபது நாளா சேத்துத்தான் இழுக்கிறேன். கோலம் தெரு முக்கு வரைக்கும் போயிடுச்சு. இங்க பாருங்க, பொங்கலன்னிக்குக் காலைல ஒரு சொட்டு கெடந்தாலும் வண்டி என் இஷ்டம். நான் என்ன செஞ்சாலும் நீங்க ஏன்னு கேக்கக் கூடாது. சொட்டு இல்லேன்னா இந்த வண்டியப் பத்தி நான் வாயே தொறக்கல."

"சரி. ஆனா அழுகுணி ஆட்டம் ஆடக் கூடாது. ஆடினவங்க தோத்த மாதிரி" என்றார் வைரக்கண்ணு. இந்த நிபந்தனை அவரே போட்டது.

'என் இஷ்டம்' என்று அவள் சொன்னதும் அவர் கண்ணில் தெரிந்தது கும்பகோணத்துப் பழைய இரும்புக்காரன்தான். ரெண்டு தடவை வந்து செங்கமலத்தின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

வேலையை அன்றைக்கே ஆரம்பித்தார். புது பேக்கிங் வைத்தால் ஒழுகல் நிற்கும் என்று அவர் கணக்கு. கனத்த அட்டை வேண்டுமே. பீரோவில் பிரகதாம்பாளின் அண்ணன் மகள் அனுராதா கல்யாணப் பத்திரிகை இருந்தது. நல்ல தடிமன். அதைக் கியர் பாக்ஸ் மூடிமேல் வைத்துச் சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டி அளவாக வெட்டினார். மாப்பிள்ளையின் படிப்பு, உத்தியோகம், துபாய் விலாசம் எல்லாம் கியர் பாக்ஸுக்குள் போய்விட்டன. மறுநாள் காலையில் ஒரு சொட்டுக்கு ரெண்டு சொட்டாக விழுந்திருந்தது.

மன்னார்குடியிலிருந்து மெக்கானிக் அப்துல் ஜலீலை வரவழைத்தார். ஜலீல் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டார்.

"மேல பேக்கிங் போட்டு என்னங்க பண்றது? பின்னாடி ஆயில் சீல் போயிடுச்சு."

"மாத்திடுங்க பாய்."

"இந்த மாடலுக்கு சீல் மெட்ராஸ்லேருந்து வரணும். பதினஞ்சு நாளாகும்."

பொங்கலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வைரக்கண்ணு அன்று முழுக்க யோசித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குப் புத்தி வந்தது. எண்ணெய் இருந்தால்தானே ஒழுகும்?

செவ்வாயும் வெள்ளியும் பிரகதாம்பாள் மன்னார்குடிக்குத் தையல் கிளாஸ் போவாள். ஐப்பசியிலிருந்து போகிறாள், இன்னும் ஒரு ஜாக்கெட் வெளியே வந்தபாடில்லை. அவரும் கேட்டுக்கொள்வதில்லை. அந்த ரெண்டு மணி நேரம் வீடு அவருடையது. அடியில் படுத்து, கியர் ஆயில் மொத்தத்தையும் காலி நல்லெண்ணெய் டின்னில் வடித்தார். டின்னைக் கொல்லையில் வைக்கோல் போருக்குள் செருகி மறைத்தார்.

சனி, ஞாயிறு, ஒரு சொட்டு இல்லை. போகியன்று பகல் பூரா சம்பா அறுப்பில் நின்றார். பாட்டு வராத மனிதர், அன்றைக்குப் பாடிக்கொண்டே வரப்பில் நடந்தார்.

பொங்கலன்று காலையில் வண்டியைத் தள்ளினார்கள். பிரகதாம்பாள் விளக்கை எடுத்து வந்து மண்ணைக் குனிந்து பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"நான் தோத்துட்டேங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

பொங்கல் பொங்கி, சாமிக்குப் படைத்து, சாப்பிட்டு முடித்ததும் பிரகதாம்பாள் பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க. திருவிடைமருதூர் போயி மகாலிங்கசாமியக் கும்பிட்டுட்டு, அண்ணன் வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். போன் போட்டுச் சொல்லியாச்சு."

"எதுல?"

"இதென்ன கேள்வி? அதான் வண்டி சரியாயிடுச்சே."

"பெட்ரோல் இல்லியே."

"நேத்தே கேன்ல வாங்கி வச்சிட்டேன்."

"ராகு காலம் வந்துடும்."

"செவ்வாக்கெழம ராகு காலம் மூணு மணிக்குங்க. இப்ப பத்துதான் ஆவுது."

"டயர்ல காத்து..."

"அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு."

"கால் கழுவிட்டு வந்துடறேன்" என்று கொல்லைக்கு ஓடினார். எண்ணெயைத் திரும்ப ஊற்றிவிட்டால் தப்பிக்கலாம். வைக்கோல் போரில் கையை விட்டார். வைக்கோல்தான் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த காத்தாயி திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு டின்னு."

"அது சனிக்கெழமயே வந்துச்சுங்களே. அம்மாகிட்ட குடுத்துட்டேன்."

நாலு மாடு நிற்கிற வீட்டில், தினம் ரெண்டு வேளை பிடுங்குகிற போரில் போய் ஒளித்து வைத்த சம்சாரியை என்னவென்று சொல்வது?

வாசலுக்கு வந்தார். சாவி கையில் கனத்தது. எண்ணெயில்லாமல் ஓட்டினால் நீடாமங்கலம் தாண்டுவதற்குள் செங்கமலத்தின் கியர் பல்லெல்லாம் அரைபட்டு மாவாகிவிடும். இரும்புக்காரன் கையில் கொடுத்தாலும் முழுசாகக் கொடுக்கலாம், தன் கையால் அரைக்க முடியாது.

"பிரகதா, வண்டிய எடுக்க முடியாது. உள்ள எண்ணெய் இல்ல. நாந்தான் வடிச்சேன். அழுகுணி ஆடிட்டேன். இனிமே உன் இஷ்டம்."

"இத நீங்களா சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். உள்ள எண்ணெய் இருக்குங்க. நேத்து நீங்க அறுப்புல நிக்கறப்ப ஜலீல் பாய் வந்து புது சீல் மாட்டி, ஆயிலும் ஊத்திட்டுப் போனாரு."

"பதினஞ்சு நாளாகும்னாரே?"

"சீலு கார்த்திகையிலயே வந்துடுச்சு. அப்படிச் சொல்லச் சொன்னது நாந்தான்."

வைரக்கண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செங்கமலம் பிழைத்துக்கொண்டாள், அது போதும் என்றிருந்தது.

"அப்ப இரும்புக்காரன்..."

"விக்கறேன்னு யாரு சொன்னா? என் இஷ்டம்னுதானே சொன்னேன்" என்று அவர் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து டிரைவிங் லைசென்ஸை நீட்டினாள். போட்டோவில்கூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தையல் கிளாஸுன்னியே?"

பிரகதாம்பாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, சத்தமே இல்லாமல் முதல் கியரைப் போட்டாள். அவருக்கே அது ஒரு நாளும் அப்படி விழுந்ததில்லை. வைரக்கண்ணு முன் சீட்டுப் பழக்கத்தில் மறுபக்கம் போய், அவளுக்குப் பக்கத்துச் சீட்டின் கதவில் கை வைத்தார்.

"அங்க அண்ணனுக்குக் கரும்பு வச்சிருக்கேன். பின்னாடி ஏறுங்க. ஏறும்போது காலத் தட்டிட்டு ஏறுங்க."